மூடிமேல் நின்றவள்

அன்று மாலை பேசியது அத்தனையும் நிஷாவுக்கு வரிசை மாறாமல் நினைவிருக்கிறது. 2023இல் புயல் வருவதற்கு முந்தின வாரம். அடையாறில் வேலை முடித்து, சைதாப்பேட்டையில் ரயில் பிடித்து, மாம்பலத்தில் இறங்கி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அவள் தெருமுனைக்கு வந்தபோது தண்ணீர் கெண்டைக்கால் வரை ஏறியிருந்தது. கரண்ட் இல்லை. தெருவின் நடுவில், நீல பாலித்தீன் தாளைத் தலையோடு போர்த்திக்கொண்டு ஓர் உருவம் அசையாமல் நின்றது.

“யாரு, நிஷா பாப்பாவா? அங்கயே நில்லு. நேரா வராத.”

“நான்தான்க்கா. எனக்கு வழி தெரியும்.”

“வழி தெரியும்னவங்களத்தான் தண்ணிக்கு ரொம்பப் புடிக்கும். லெப்ட்டுல ஒதுங்கு. அசோகன் சார் வூட்டு கேட்டைப் புடிச்சுக்கினு செவுத்தோரமா வா.”

நிஷா கேட்டைப் பிடித்துக்கொண்டு, சுவரைத் தடவிக்கொண்டு நடந்தாள். பக்கத்தில் வந்ததும் பாஞ்சாலியின் முகம் தெரிந்தது. மழை நீர் மூக்கு நுனியில் சொட்டிக்கொண்டிருந்தது. துடைக்கவில்லை.

“ஆபீஸ்ல லீவு வுடலையா?”

“நாளைக்கு விடுவாங்களாம்.”

“நாளைக்கு வுட்டு இன்னாத்துக்கு? தண்ணி இன்னிக்குக் கீது.”

நிஷாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “நீங்க இன்னிக்கு எதுக்குக்கா வந்தீங்க? மழையில இஸ்திரி ஏது?”

“அதானே. இந்த மழையில எந்த மவராசன் சட்டைய காயவெச்சான், நான் தேய்க்க?”

“அப்போ பெரும்பாக்கத்துலயே இருந்திருக்கலாம்ல?”

“பஸ் வந்துச்சு. ஏறிட்டேன்.”

“மேல வாங்க. ஒரு காபி குடிச்சிட்டு, துணி மாத்திக்கிட்டு…”

“நான் மேல வந்துட்டா இங்க யாரு நிப்பா? நீ நிக்கிறியா?”

கேலி என்றுதான் நிஷா முதலில் நினைத்தாள். பாஞ்சாலி சிரிக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டதற்குப் பதில் எதிர்பார்க்கிற பார்வை.

“டிரெயினேஜுக்கு மூடி போட்டுத்தானேக்கா இருக்கு?” என்றாள் நிஷா, மெதுவாக.

“போட்டுத்தான் கீது. ரெண்டு காலும் அதுமேலதான் கீது.” பாஞ்சாலி குனிந்து, கலங்கிய தண்ணீரைப் பார்த்தாள். “ஆனா அடியில சத்தம் வருது பாரு. தண்ணி ஓடுற சத்தம்னுதான் எல்லாரும் சொல்றாங்க. எனக்கு என்னமோ அவன் தட்றாப்புல கீது.”

நிஷா மாடி ஏறினாள். சமையலறையில் எமர்ஜென்சி விளக்கின் கீழ் அம்மா ஷீலா இரண்டு டம்ளர்களில் காபியை ஊற்றி வைத்திருந்தாள். ஒன்றை மகளிடம் நீட்டி, “அவளுக்குக் கொண்டு போய்க் குடு” என்றாள். தெருவைப் பார்த்த ஜன்னல் பக்கம் அவள் திரும்பவே இல்லை. அந்த ஜன்னலின் திரை, அவர்கள் மாடிக்குக் குடிவந்த நாளிலிருந்து மூடியே கிடந்தது.

*

பாஞ்சாலி சைதாப்பேட்டையில் அடையாற்றுக் கரையில் பிறந்தவள். கல்யாணமானதும் அதே கரையில் நாலு குடிசை தள்ளிப் போனாள், அவ்வளவுதான் இடமாற்றம். புருஷன் பொன்னுரங்கம் இஸ்திரி வண்டி வைத்திருந்தான். அந்த வண்டியை மேற்கு மாம்பலத்தில் இந்தத் தெருவில், ஒரு வாதாம் மரத்தடியில் நிறுத்தினார்கள். அவனுக்கு முதுகு போனபிறகு வண்டி அவள் கைக்கு வந்தது. 2015 வெள்ளத்தில் கரையோரக் குடிசைகள் போயின. மிச்சமிருந்தவர்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்ப் பெரும்பாக்கத்து அடுக்குமாடிகளில் இறக்கினார்கள். பாஞ்சாலிக்கு ஆறாவது மாடி கிடைத்தது.

“ஆத்துக்குப் பயந்து ஆறாவது மாடில போட்டுட்டாங்க. இனிமே வெள்ளம் வந்தா ரெக்கை மொளச்சுத்தான் வரணும்” என்று சொல்லிச் சிரிப்பாள். லிஃப்ட் வேலை செய்யாத நாட்களில் சிரிக்க மாட்டாள். இருந்தும் வண்டி நிற்கும் இடத்தை அவள் மாற்றவில்லை. இரண்டு பஸ் மாறி இங்கேயே வந்தாள். இந்தத் தெருவில் யாருக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, யாருக்குத் தொப்பை போட்டிருக்கிறது என்பதெல்லாம் அவளுக்குத் துணியிலேயே தெரிந்துவிடும். அதை அவள் சத்தமாகச் சொல்லியும் விடுவாள். “சார், பேண்ட் இடுப்பைப் பிரிச்சுத் தச்சிருக்கீங்க போல. தீபாவளி இன்னும் வரலியே?” என்று அசோகனை நடுத்தெருவில் கேட்டவள் அவள். அசோகன் அந்தத் தெருக் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர்.

தெருவைப் பற்றியும் அவளிடம் ஒரு சொல் இருந்தது. “ரோடு வளருது, வூடுங்க குள்ளமாவுது.” பார்த்தால் அது உண்மைதான். பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டு, மூன்று படி ஏறிப் போன வீடுகளுக்கெல்லாம் இப்போது படி இறங்கிப் போக வேண்டியிருந்தது. பணம் இருந்தவர்கள் ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்கினார்கள். அசோகன் வீடு தூக்கப்பட்ட வருஷம், அவர் வீட்டு வாசலில் நிற்க வேண்டிய தண்ணீர் எதிர்வீட்டுக்குப் போனது. எதிர்வீட்டார் திட்டை உயர்த்தினார்கள். தண்ணீர் அடுத்த வீட்டைத் தேடிப் போனது. இப்படி ஒவ்வொருவராகத் தள்ளிவிட்டுத் தள்ளிவிட்டு, கடைசியில் நிஷாவின் குடும்பம் அப்போது வாடகைக்கு இருந்த கீழ்த்தள வீடுதான் தெருவிலேயே பள்ளமாகிப் போனது.

முன்பெல்லாம் அடைமழை என்றால் மூன்று நாள் தூறித் தூறிப் பெய்யும். இப்போது மூன்று நாள் மழையையும் ஒரு காலைப்பொழுதில் கொட்டிவிட்டு வானம் வெளுத்துக்கொள்கிறது. அதற்கு அந்தத் தெரு வைத்திருந்த வைத்தியம் ஒன்றே ஒன்று. தண்ணீர் வாசற்படி தாண்டியதும் யாராவது ஒரு ஜன்னலிலிருந்து குரல் கொடுப்பார்கள்: “மூடியத் தூக்குங்கப்பா!” நடுத்தெருவில் இருந்த டிரெயினேஜ் மூடியைக் கடப்பாரையால் நெம்பித் தள்ளுவார்கள். தண்ணீர் சுழித்துக்கொண்டு உள்ளே போகும். ஆள் தெரியாமல் விழுந்துவிடக் கூடாதே என்று குழியில் எதையாவது நட்டுவைப்பார்கள். ஒடிந்த மரக்கிளை, கால் போன பிளாஸ்டிக் நாற்காலி, பழைய மாப். உச்சியில் ஒரு சிவப்புத் துணி. மழைக்காலத்தில் மாம்பலத்தில் தண்ணீருக்கு நடுவே ஒரு நாற்காலி தலைகீழாக நின்றால், அதன் அர்த்தம் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

வண்டிச் சக்கரத்துக்கு அண்டை கொடுக்க பாஞ்சாலியிடம் கடப்பாரை இருந்தது. அதனால் மூடி தூக்குவது அவள் வேலையாகிவிட்டது. அவளுக்கும் அதில் ஒரு பெருமை இருந்தது. ஒரே நெம்பில் மூடியைப் புரட்டிவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மாடி ஜன்னல்களைப் பார்த்து, “குளிக்கணும்னா இப்பவே குளிச்சுக்குங்க, தண்ணி போவுது!” என்பாள்.

*

2021 நவம்பரில் ஒரு காலை. நிஷா அப்போது கல்லூரி முடித்திருந்த நேரம். வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். கட்டில்மேல் மிக்சியையும் லேப்டாப்பையும் மடியில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். ஃப்ரிட்ஜ் மெல்ல மிதந்து சாய்ந்தது. ஷீலா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

“பாஞ்சாலி! இன்னும் என்ன பாத்துக்கிட்டு நிக்கிற? தூக்கேன்டி!”

“தோ ஷீலாம்மா, தூக்கிட்டேன்!”

ஷீலா மட்டும் கத்தவில்லை. அன்று ஏழெட்டு ஜன்னல்களிலிருந்து குரல் வந்தது. ஆனால் முதலில் வந்த குரல் அவளுடையது என்பது அவளுக்குத் தெரியும்.

மூடி திறந்தது. எப்போதும் நடுகிற நாற்காலியைத் தண்ணீர் எங்கோ கொண்டு போயிருந்தது. காற்றில் ஒடிந்து ஒரு வீட்டு மதில்மேல் தொங்கிய முருங்கைக் கிளையை இழுத்து பாஞ்சாலி குழியில் செருகினாள். சிவப்பு ரவிக்கைத் துணியைக் கட்டினாள். அதற்குள் காற்று வண்டியின் தார்ப்பாயைக் கிழித்துவிட்டது. வண்டிமேல் தெருவின் துணியெல்லாம் மூட்டையாக இருந்தது. அதை எடுத்து அசோகன் வீட்டு கார் ஷெட்டில் போட்டுவிட்டு வர அவள் ஓடினாள்.

முருங்கை எவ்வளவு சுலபமாக ஒடியும் என்பது எல்லோருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும்.

பைக் நின்றுபோனதால் அதைத் தள்ளிக்கொண்டு ஒரு இளைஞன் தெருவுக்குள் வந்தான். முதுகில் சாப்பாடு கொண்டுவரும் பெரிய சதுரப் பை. நிஷா பார்த்தது பைக் சாய்ந்ததை மட்டும்தான். பிறகு பை மட்டும் தண்ணீரின்மேல், ஒரே இடத்தில், மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

பாஞ்சாலி ஓடிவந்து கடப்பாரையைக் குழிக்குள் விட்டு, “புடிச்சுக்க நைனா, புடிச்சுக்க” என்று குரல் கொடுத்துக்கொண்டே இருந்தாள். தீயணைப்பு வண்டியில் வந்தவர்கள் அவளை இழுத்து நிறுத்தும்வரை கடப்பாரையை அவள் எடுக்கவில்லை. ஒரு கட்டத்தில் யாரோ பிடித்து இழுத்தது போல இருந்தது என்று பின்னால் சொன்னாள். தண்ணீரின் இழுப்பாக இருக்கும் என்றார்கள்.

அவன் பெயர் செம்பியன். அடுத்த மூடியருகே பிணமாகக் கிடைத்தான். பையிலிருந்த சாப்பாடு எந்த வீட்டுக்கு வந்தது என்று அந்தத் தெருவில் இன்றுவரை யாரும் சொன்னதில்லை.

விபத்து என்று எழுதிக்கொண்டார்கள். எல்லோரும் கேட்டுத்தான் பாஞ்சாலி தூக்கினாள். அவள்மேல் தப்பு சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. ஒருவேளை அதோடு எல்லாம் அடங்கியிருக்கும். ஆனால் மழை ஓய்ந்த பிறகு ஒரு வெள்ளிக்கிழமை செம்பியனின் அம்மா வந்தாள். கூட ஒருவரும் இல்லை. நடுத்தெருவில், மூடியருகே நின்று, ஒரு கையால் வெயிலை மறைத்துக்கொண்டு எல்லா வீடுகளையும் பார்த்தாள். அழவில்லை. திட்டவில்லை. வீட்டு விலாசம் கேட்கிற மாதிரி சாதாரணமாகத்தான் கேட்டாள்.

“யாருங்க மூடிய எடுத்தது?”

ஒரு ஜன்னல் சாத்திக்கொண்டது. அப்புறம் இன்னொன்று. ஷீலா திரையை இழுத்துவிட்டதை நிஷா பார்த்தாள். அசோகன் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு உள்ளே போனார். வாதாம் மரத்தடியில் பாஞ்சாலி ஒரு சட்டைமேல் இஸ்திரிப் பெட்டியை வைத்தபடி நின்றாள். பெட்டி நகரவில்லை. துணி கருகும் நாற்றம் தெரு முழுவதும் வந்தது. அந்தப் பெண் ஒருமுறை அவளைப் பார்த்தாள். பிறகு, பதில் கிடைத்துவிட்டதைப் போலவும் கிடைக்காததைப் போலவும் தலையை ஆட்டிவிட்டு, வந்த வழியே நடந்து போனாள். மறுபடி வரவே இல்லை.

அடுத்த மழையிலிருந்து பாஞ்சாலி மூடிமேல் நிற்க ஆரம்பித்தாள்.

*

முதலில் தெரு அதைச் சேவை என்று எடுத்துக்கொண்டது. குடை கொடுத்தார்கள், பிஸ்கட் கொடுத்தார்கள். வாட்ஸ்அப் குழுவில் அவள் படத்தைப் போட்டுக் கும்பிடும் கைகளாக அனுப்பினார்கள். “டிராஃபிக் போலீஸ் வந்தாச்சா?” என்று அசோகன் கேட்பார். “வந்தாச்சு சார், லைசென்ஸ் எடுங்க” என்பாள் அவளும்.

2023 புயலன்று அந்த வேடிக்கை முடிந்தது. தண்ணீர் கீழ்வீடுகளில் இடுப்பளவு ஏறியது. நிஷாவின் குடும்பம் அதற்குள் மாடிக்கு மாறியிருந்தது. கீழே புதிதாகக் குடிவந்திருந்தவர்கள் கைக்குழந்தையோடு படியில் உட்கார்ந்திருந்தார்கள். மூன்று நான்கு ஆண்கள் கடப்பாரையோடு வந்தார்கள்.

“பாஞ்சாலி, நகரு. பத்து நிமிஷம் தூக்கிட்டு மூடிடலாம். நாங்களே சுத்தி நிக்கிறோம்.”

“முடியாது சார்.”

“கொழந்த இருக்கும்மா வீட்ல.”

“கொழந்தைய மேல தூக்கினு போங்க. மூடியத் தூக்க வுட மாட்டேன்.”

“ஏய், இது என்ன உன் வீட்டுச் சொத்தா?”

“ஆமா சார், என் சொத்துதான்” என்றாள் பாஞ்சாலி. “வேற யாரு வந்து கேட்டீங்க இத?”

அவர்கள் அவளைத் தொட்டுத் தள்ளவில்லை. அசோகன்தான், “வுடுங்கப்பா, வுடுங்க” என்று எல்லோரையும் பின்னால் தள்ளிக்கொண்டு போனார். தண்ணீர் வடிய இரண்டு நாளாயிற்று. அவள் கிளம்பிப் போனபோது யாரும் அவளிடம் பேசவில்லை. ஆனால் மூடியை இனித் தூக்க முடியாது என்பது அன்று எல்லோருக்கும் புரிந்தது. தூக்க முடியாது என்றால் தண்ணீருக்கு வேறு வழி செய்தாக வேண்டும்.

நிஷா வேலை பார்த்த அலுவலகம், மழைநீர் தேங்கும் இடங்களுக்குப் பூங்காவும் குளமும் வரைந்து கொடுக்கிற ஒரு சின்ன அலுவலகம். தமிழும் இங்கிலீஷும் இரண்டும் எழுத வருவதால், பொறியாளர்கள் சொல்வதை மக்களுக்கும் மக்கள் சொல்வதைப் பொறியாளர்களுக்கும் எழுதிக் கொடுப்பது அவள் வேலை. கூட்டத்தில் பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும் அவளுக்கு. அப்படியிருந்தும் தன் தெருவின் பெயரை அலுவலகத்தில் அவளே எடுத்துச் சொன்னாள். பல மாத அலைச்சலுக்குப் பிறகு அசோகன் வீட்டு கார் ஷெட்டில் கூட்டம் நடந்தது.

தெருக்கோடியில் இருந்த பாழ் மைதானத்தைப் பள்ளமாக வெட்டிக் குளமாக்குவது. தெருவின் இரண்டு ஓரமும் கம்பிவலை போட்ட வடிகால், அது குளத்துக்குப் போகும். மொட்டைமாடித் தண்ணீர் தெருவுக்கு வராமல் அந்தந்த வீட்டுக் கிணற்றுக்கும், மண்ணில் இறக்கிவிடும் உறைக்குழிக்கும் போகும். நடுவிலிருக்கும் மூடி மாறி, கையால் தூக்க முடியாத பூட்டு மூடி வரும். நிஷா எழுதி வைத்ததைப் பார்த்துப் பார்த்துப் படித்தாள்.

வடிகாலுக்காக வாசல் சரிவுகளை இடிக்க வேண்டும் என்றதும் சத்தம் கிளம்பியது. “என் ஸ்கூட்டர் எப்படி ஏறும்?” “என் வீட்டுக்கு முன்னாடி மட்டும் மூடின வடிகாலா போடுங்க.” “அந்த மைதானத்துல குளம் வெட்டினா கொசு வராதா?” அசோகனே தன் கிரானைட் சரிவை இடிக்கச் சம்மதிக்கவில்லை. “நான் வீட்டையே தூக்கிட்டேன்மா. என்கிட்ட தண்ணி வர்றதில்ல. நான் எதுக்கு இடிக்கணும்?”

பின்னால், தேய்த்த துணி மூட்டையோடு நின்றிருந்த பாஞ்சாலி கேட்டாள், “சார், நான் ஒண்ணு கேக்கலாமா?”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“உங்க கிரானைட்டு எவ்ளோ அகலம் சார்?”

“ஏன்? ரெண்டடி இருக்கும்.”

“அந்தக் குழியும் அவ்ளோதான் கீது.”

அவள் மூட்டையைக் கீழே வைத்துவிட்டு, பெயர் பெயராகத் துணியைப் பிரித்துக் கொடுக்க ஆரம்பித்தாள். யாரும் அவள் கண்ணைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டார்கள். அசோகன் தன் சட்டைகளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, “சரிம்மா நிஷா, இடிக்கச் சொல்லிடு” என்றார். அவர் ஒப்புக்கொண்டதும் மற்றவர்களும் ஒப்புக்கொண்டார்கள். அன்றைக்கு அந்த ஷெட்டில் எல்லோரும் செம்பியனைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள் என்று நிஷாவுக்குத் தோன்றியது. பெயரை மட்டும் யாரும் சொல்லவில்லை.

*

2024 அக்டோபரில் முதல் பெருமழை வந்தது. தண்ணீர் கம்பிவலைக்குள் சலசலத்துக்கொண்டு ஓடிக் குளத்தில் விழுந்தது. தெருவில் கால்விரல் நனையும் அளவுக்குத்தான் நின்றது. கீழ்வீட்டுக்காரர்கள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். அசோகன் குடையோடு இரண்டு முறை குளத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, என்னமோ தானே வெட்டியது போல, “பாதிதான் ரொம்பியிருக்கு” என்று எல்லோரிடமும் சொன்னார்.

பாஞ்சாலி புது மூடிமேல் நின்றுகொண்டிருந்தாள்.

தண்ணீர் முழங்கால் அளவு இருந்தபோது அவள் நின்றது காவலாகத் தெரிந்தது. கால்விரல் அளவுத் தண்ணீரில், பூட்டிய மூடிமேல், நீலத் தாளைப் போர்த்திக்கொண்டு ஒருத்தி நாள் முழுவதும் நின்றபோது, அது என்னவென்று எல்லோருக்கும் அப்பட்டமாகத் தெரிந்துவிட்டது. டிராஃபிக் போலீஸ் கேலியை அசோகன் மறந்தும் எடுக்கவில்லை. அந்தப் பக்கம் போகிற பிள்ளைகளை அம்மாக்கள் கையைப் பிடித்து மறுபக்கம் இழுத்துக்கொண்டார்கள்.

அவளுக்குச் சர்க்கரை இருந்தது. போன மழையில் வலது காலில் ஏதோ கிழித்த புண் ஆறவே இல்லை. நிஷா அவளை வலுக்கட்டாயமாக ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். இன்னொரு மழைக்கு இந்தக் கால் தண்ணீரில் நின்றால் காலை எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொன்னார். பாஞ்சாலி, “சரி டாக்டர்” என்றாள், துணி வாங்கிக்கொள்கிற குரலில்.

அடுத்த மழையில் மறுபடி வந்தாள். காலில் பிளாஸ்டிக் பை கட்டியிருந்தாள்.

“அக்கா, வாங்க, ஒண்ணு காட்டறேன்” என்று நிஷா அவளைக் கையைப் பிடித்துக் குளத்துக்குக் கூட்டிப் போனாள். மூடியிலிருந்து அவளை நகர்த்த அதைவிட்டால் வேறு வழி தெரியவில்லை. குளம் பாதிக்குமேல் நிரம்பி, மழைத்துளி விழுந்து விழுந்து கொதிப்பது போல இருந்தது. கரையில் நட்ட வெட்டிவேர் தண்ணீருக்குள் தலையாட்டியது. தவளைகள் காது கிழியக் கத்தின.

“பாத்தீங்களா? தெருத் தண்ணியெல்லாம் இங்கதான் வருது. இனிமே யாரும் மூடியத் தூக்க வேணாம். தூக்கவும் முடியாது. உங்களாலயே முடியாது.”

பாஞ்சாலி ரொம்ப நேரம் பார்த்தாள். “நல்லா கீது பாப்பா. நெசமா நல்லா கீது” என்றாள். “தவளைக்கெல்லாம் எப்டித்தான் தெரியுமோ, வெட்டினவுடனே வந்துடுச்சு பாரு.”

“அப்போ வீட்டுக்குப் போலாமா?”

“நீ சொல்றது எனக்குப் புரியாம இல்ல. யாரும் வுழ மாட்டாங்க. தெரியும்.” அவள் தாளைத் தலைக்குமேல் இழுத்துவிட்டுக்கொண்டாள். “வுழறவங்களுக்காவ நான் நிக்கல பாப்பா. வுழுந்தவனுக்காவ நிக்கிறேன். அவன் கடப்பாரையப் புடிச்சான். நெசமாப் புடிச்சான். நான் அப்போ வுட்டுட்டுப் போயிருந்தேன்னா சரி, போய்ட்டாங்கன்னு இருந்திருப்பான். நான் போவலியே. இருக்கேன்னு சொல்லிட்டேன். இப்போ திடீர்னு மேல ஆளில்லன்னா அவன் இன்னா நெனப்பான்?”

பாஞ்சாலி விந்தி விந்தி நடந்து, திரும்பிப் போய் மூடிமேல் ஏறிக்கொண்டாள்.

அந்த மழைக்காலம் முடிவதற்குள் கால் கறுத்தது. டாக்டர் சொன்னபடியே ஆயிற்று. முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். தெருவே திரண்டுபோய்ப் பார்த்தது. ஆப்பிளும் ஹார்லிக்ஸும் கட்டிலடியில் குவிந்தன. ஷீலா மட்டும் போகவில்லை. ரசம் சாதம் பிசைந்து டப்பாவில் போட்டு, ஒவ்வொரு முறையும் மகளிடம் கொடுத்தனுப்பினாள். “எப்படி இருக்கா?” என்று கேட்பாள். நிஷா சொல்லத் தொடங்கினால், குழாயைத் திறந்து பாத்திரம் தேய்க்க ஆரம்பித்துவிடுவாள்.

இப்போது பாஞ்சாலி பெரும்பாக்கத்தில் ஆறாவது மாடியில் இருக்கிறாள். லிஃப்ட் ஓடுகிற நாட்களில்கூட அவள் கீழே இறங்குவதில்லை. பொன்னுரங்கம் வாக்கரைக் கட்டிலுக்கு எட்டாத தூரத்தில் வைத்திருக்கிறான், மழை நாட்களில் மட்டும். வாதாம் மரத்தடியில் வேறொருவரின் வண்டி நிற்கிறது.

*

இந்த வருஷத்து முதல் பெருமழை ஒரு சனிக்கிழமை மத்தியானம் பிடித்தது. நிஷா வீட்டு பால்கனியில் உட்கார்ந்திருந்தாள். வடிகாலில் தண்ணீர் ஓடுகிற சத்தம் மேலே கேட்டது. தெரு காலியாக இருந்தது. நனைந்த தாரின் நடுவில் மூடி வட்டமாகக் கறுத்துத் தெரிந்தது. பாஞ்சாலியில்லாமல் அதைப் பார்ப்பது, வீட்டில் யாரோ எழுந்து போன நாற்காலியைப் பார்ப்பது போல இருந்தது.

அப்போதுதான் ஜன்னல் திரை விலகியிருப்பதை அவள் கவனித்தாள். அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றிருந்தாளோ.

“யாருமே இல்லையே” என்றாள் ஷீலா. மகளிடம் சொன்னது போல இல்லை.

“யாரும் வேணாம்மா. பூட்டின மூடி.”

“ஆமா, பூட்டின மூடிதான்.”

ஷீலா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். கொடியில் தொங்கிய குடையைத் தொட்டுப் பார்த்தாள், எடுக்கவில்லை. வெறும் காலோடு வாசலுக்குப் போனாள்.

“எங்கம்மா போற?”

“பால் வாங்கிட்டு வரேன்.”

“பால் இருக்கே. காலைல வாங்கினது அப்படியே இருக்கு.”

“இருக்கட்டும். இப்ப வந்துடுவேன்.”

அம்மா தாழ்ப்பாளை நீக்கினாள். நிஷா எழுந்தாள். ஆஸ்பத்திரியில் கட்டிலருகே உட்கார்ந்திருந்த பகல் அவளுக்கு நினைவு வந்தது. சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பார்த்து, “இன்னிக்கும் அவங்க வரலையா?” என்று கேட்டுவிட்டு பாஞ்சாலி அதை மூடி வைத்தாள். காலில்லாத பக்கம் போர்வை தட்டையாகக் கிடந்தது. பிறகு நிஷாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்காமல் சொன்னாள்:

“அன்னிக்கு மொதக் கொரலு குடுத்தது உங்கம்மா. எனக்குத் தெரியும், அவங்களுக்கும் தெரியும். நான் அங்க நிக்கிறவரைக்கும் அவங்க மேல இருந்தாங்க. நான் இல்லாத மொத மழைக்கு எறங்குவாங்க பாரு. நீ கதவாண்ட நின்னுக்க, பாப்பா. அவங்கள மட்டும் கீழ எறங்க வுடாத.”